தோற்காதவர் எல்லாம் மாவீரரா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஒருமுறைகூடத் தோற்காத அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஃப்ளாய்ட் மேவெதரைப் பற்றி, “மேவெதர் பெரிய ஆள்தான், ஆனால் அவருக்கு முன்னால் நாலைந்து பேர் நிற்கிறார்கள்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். மலையில் இத்தனை பாக்ஸிங் ரசிகர்கள் இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வந்த கடிதங்களில் பாதி கோபம், மீதி நல்ல கேள்விகள். கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

50 சண்டை, 50 வெற்றி, தோல்வி பூஜ்யம். இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்ய வேண்டும்? பெட்போர்டு டீக்கடையில் ஞாயிறு காலை எங்களுக்குள் இதே வாக்குவாதம்தான். முகமது அலி ஐந்து முறை தோற்றவர். அவரைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒருமுறைகூடத் தோற்காதவரை ஏன் குறை சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், குன்னூர்

குறை சொல்லவில்லை, பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம். பசுந்தேயிலை மூட்டையைத் தராசில் ஏற்றினால் எடை மட்டும் தெரியும். தரையில் கொட்டினால்தான் கொழுந்து எவ்வளவு, முத்தல் எவ்வளவு என்று தெரியும். 50-0 என்பது எடை.

கொட்டிப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. சாம்பியனின் முழுச் சண்டைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 15, 20 சண்டைகளைத் தள்ளிவிடலாம். நாலு ரவுண்டு, ஆறு ரவுண்டு என்று போகும் பயிற்சிக் காலம் அது. தோற்பதற்கென்றே கூட்டி வரப்பட்ட ஆட்கள் எல்லாருடைய பட்டியலின் தொடக்கத்திலும் இருப்பார்கள், அதில் தப்பில்லை. அதற்குப் பிறகு வந்த பெரிய பெயர்களில் பத்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் இவற்றை எழுதுங்கள்: அன்றைக்கு எதிராளியின் வயது; அதற்கு முந்தைய நாலு சண்டைகளில் அவருக்கு எத்தனை தோல்வி, அதில் நாக் அவுட் உண்டா; அவருடைய சொந்த எடைப்பிரிவு எது, சண்டை நடந்தது எந்த எடையில்; யாருடைய ஊரில்; எத்தனை வார அவகாசத்தில் ஒப்புக்கொண்டார்; முடிவு நாக் அவுட்டா பாயின்ட்டா; பாயின்ட் என்றால் மூன்று நடுவர்களும் ஒரே பக்கம் நின்றார்களா. இந்தப் பத்து வரிகளை எழுதி முடிப்பதற்குள் டீக்கடை வாதத்தில் பாதி அடங்கிவிடும்.

மேவெதருக்கே எழுதிப் பார்ப்போம். அவருடைய ஆகச் சிறந்த இரவு என்று நாங்கள் சொல்வது 2001 ஜனவரியில் டியகோ கொராலஸோடு நடந்த சண்டை. கொராலஸ் அப்போது 33-0, இளைஞர், உயரமானவர், கனமாக அடிப்பவர். அவரை ஐந்து முறை தரையில் விழ வைத்தார் மேவெதர். அந்த வரியில் குறை கண்டுபிடிக்க இடமே இல்லை. அடுத்தது 2002 ஏப்ரல், ஹோசே லூயிஸ் கஸ்தீயோ. நடுவர்கள் 116-111, 115-111, 115-111 என்று மேவெதருக்குக் கொடுத்தார்கள். (ஆளுக்கொரு பாயின்ட் கழிக்கப்பட்டதால்தான் கூட்டல் இப்படி விநோதமாக இருக்கிறது.) பார்த்தவர்களில் ஏராளமானோர் கஸ்தீயோதான் ஜெயித்தார் என்றார்கள். நாங்கள் போட்ட மதிப்பெண் கார்டும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே டிசம்பரில் மேவெதர் அவரையே மறுபடி சந்தித்து ஜெயித்தார். அதையும் அதே வரியில் எழுத வேண்டும். தப்பித்தவர் ஓடவில்லை, திரும்பி வந்தார்.

2009இல் மார்க்கஸ்: 135 பவுண்டு பிரிவின் சாம்பியன். 144 பவுண்டில் சண்டை என்று ஒப்பந்தம். மேவெதர் 146இல் வந்து, அபராதம் கட்டிவிட்டு ரிங்குக்குள் போனார். இந்த வெற்றிக்குப் பாதி மதிப்பெண்தான் போட முடியும். 2013இல் கனெலோ: 154 பவுண்டுக்காரரை 152க்கு இறங்கச் சொல்லி நடந்த சண்டை, கனெலோவுக்கு வயது 23. நல்ல வெற்றிதான், ஆனால் ஓரத்தில் ஒரு குறிப்பு தேவை. பிறகு பிலிப்பைன்ஸின் பாக்கியாவ். பேச்சுவார்த்தை 2009-10 வாக்கில் ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனை விவகாரத்தில் முறிந்தது. சண்டை நடந்ததோ 2015 மே மாதம். இடையில் 2012இல் மார்க்கஸ் ஒரே குத்தில் பாக்கியாவை முகம் குப்புற விழ வைத்திருந்தார். மேவெதர் 118-110, 116-112, 116-112 என்று சுத்தமாகவே ஜெயித்தார். ஐந்து வருடம் முன்னால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மட்டும் விடை கிடைக்காமல் போனது. தாமதத்துக்கு இரண்டு பக்கமும் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காத்திருப்பில் யாருக்கு லாபம் என்பது வயதைப் பார்த்தாலே தெரியாது, யார் அதிகம் அடி வாங்கியிருந்தார் என்று பார்த்தால் தெரியும். கடைசியாக அந்த ஐம்பதாவது வெற்றி: 2017இல் கானர் மெக்ரெகர். தொழில்முறை பாக்ஸிங்கில் அதற்கு முன் ஒரு சண்டைகூடப் போடாதவர். 49-0 என்று மார்சியானோவோடு சமமாக நின்ற எண், 50 ஆனது இப்படித்தான்.

இவ்வளவையும் கழித்த பிறகும் மேவெதர் மாவீரரே. 130 பவுண்டில் (59 கிலோ) தொடங்கி 154 வரை (கிட்டத்தட்ட 70 கிலோ) ஐந்து பிரிவுகளில் பட்டம் வென்றவரைச் சாதாரண ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. தோள்பட்டையை முன்னால் போட்டுக் குத்தை உருட்டிவிடும் அந்தத் தற்காப்பு, அவருக்கு முன்பும் இருந்ததுதான். அவர் அளவுக்கு யாரும் அதைச் சுத்தமாகச் செய்ததில்லை. ஆனால் அவரைப் பெரியவராக்குவது கொராலஸ் இரவும், இரண்டாம் கஸ்தீயோ சண்டையும். 50ஆவது சண்டை இல்லை.

இனி அலி. ஐந்து தோல்வி என்கிறீர்களே, அதையும் கொட்டிப் பாருங்கள். 1971இல் ஃப்ரேசியர், 1973இல் நார்ட்டன், 1978 பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸ். இந்த மூவரையுமே திரும்பச் சந்தித்து ஜெயித்தார். ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு முறை. மிச்சம் இரண்டு தோல்விகளும் 1980, 81இல், ஓய்வு பெற்றிருக்க வேண்டிய வயதில் வந்தவை. 1974இல் கின்ஷாசாவில் அவர் வீழ்த்திய ஃபோர்மன் அன்றைக்கு 40-0, அதில் 37 நாக் அவுட். 1980இல் அலி சென்னைக்கு வந்து காட்சிச் சண்டை போட்டாரே, அப்போதே அவர் கணக்கில் மூன்று தோல்வி இருந்தது. அன்று அரங்கத்தை நிறைத்த கூட்டத்தில் அதை யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ராக்கி மார்சியானோ 49-0. ஆனால் அவர் ஜெயித்ததெல்லாம் கிழவர்களை என்று என் தம்பி சொல்கிறான். உண்மையா?
– ஒரு வாசகி, அருவங்காடு

தம்பி சொல்வதில் பாதி உண்மை. 1951இல் ஜோ லூயிஸுக்கு வயது 37. அதுவே அவருடைய கடைசிச் சண்டை. 1952இல் பட்டத்தைப் பறிகொடுத்த வால்காட்டுக்கு 38. 1955இல் ஆர்ச்சி மூர், லைட் ஹெவிவெயிட்டிலிருந்து ஏறி வந்தவர், அவரும் நாற்பதை ஒட்டியவர்.

மற்ற பாதி இது. வால்காட் சண்டையின் முதல் ரவுண்டிலேயே மார்சியானோ விழுந்தார், அவர் வாழ்க்கையில் முதல்முறையாக. 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று கார்டிலும் பின்தங்கியிருந்தார். 13ஆவது ரவுண்டில் ஒரே வலது கைக் குத்தில் சண்டை முடிந்தது. 1954 செப்டம்பரில் எஸார்ட் சார்லஸோடு இரண்டாவது சண்டை: மூக்கு நெடுக்குவாக்கில் பிளந்துவிட்டது. டாக்டர் நிறுத்திவிடுவார் என்ற நிலையில் எட்டாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். சாம்பியன் மோசமான இரவில் என்ன செய்தார் என்பதைப் பார்க்க இந்த இரண்டு சண்டைகளை விடப் பொருத்தமானவை கிடையாது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இவை இரண்டும் வெறும் ‘நாக் அவுட் வெற்றி’.

உடம்பையும் கவனியுங்கள். அவர் பட்டம் காத்தது 84, 85 கிலோவில். இன்றைக்கு ஹெவிவெயிட் என்பது 200 பவுண்டுக்கு, அதாவது 90.7 கிலோவுக்கு மேல். இன்று இருந்தால் அதற்குக் கீழே உள்ள குரூசர்வெயிட்டில்தான் நின்றிருப்பார். ஆகவே இன்றைய 115 கிலோ ஆட்களோடு கற்பனையில் மோதவிட்டு அவரைத் தோற்கடிப்பது நியாயமில்லை. தன் காலத்தில் யார் இருந்தார்களோ அவர்களில் யாரையும் ஒதுக்காமல் சந்தித்தாரா என்று கேளுங்கள். சந்தித்தார். ஆறு முறை பட்டம் காத்துவிட்டு 1956இல் விலகியும் கொண்டார். அவர் காலம் இளைத்த காலம் என்பது அவர் தப்பில்லை. ஆனால் அலி, லூயிஸ் வரிசையில் அவரை ஒரு படி கீழே வைப்பதற்கு அது போதுமான காரணம்.

பாயின்ட் கணக்கு எனக்குப் பிடிபடுவதே இல்லை. நான் ஜெயித்தார் என்று நினைப்பவர் தோற்கிறார். ‘நடுவர் காப்பாற்றிய சாம்பியன்’ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் உட்கார்ந்து மதிப்பெண் போட முடியுமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

முடியும். அது தெரியாமல் எந்தப் பூஜ்யத்தையும் எடைபோட முடியாது. ஒரு காகிதம், பேனா போதும். அமெரிக்காவில் சனி இரவு நடப்பது நமக்கு ஞாயிறு காலை எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் வரும். தெளிவான தலையோடு உட்காரலாம். லண்டன், ரியாத் சண்டைகள் விடியற்காலை இரண்டரையிலிருந்து நாலு மணிக்குள். அவற்றை மறுநாள் முடிவு தெரியாமல் பார்ப்பது நல்லது. முடிவு தெரிந்தபின் போடும் கார்டு எதற்கும் உதவாது.

முதல் வேலை, டிவி சத்தத்தை முழுக்க அணைப்பது. வர்ணனையாளர் ஒரு பக்கம் சாய்ந்தால் உங்கள் பேனாவும் சாயும். ரவுண்டில் மேலோங்கியவருக்கு 10, மற்றவருக்கு 9. மேலோங்கியவர் எதிராளியை ஒருமுறை விழவும் வைத்தால் 10-8, இரண்டு முறை விழுந்தால் பொதுவாக 10-7. 10-10 போடலாம், ஆனால் பழகும்வரை போடாதீர்கள். தீர்மானம் எடுக்கச் சோம்பல் வந்துவிடும். மணி அடித்த அந்த ஒரு நிமிட இடைவேளைக்குள் எழுதிவிட வேண்டும். அடுத்த ரவுண்டு பார்த்துவிட்டுத் திருத்தக் கூடாது.

நடுவர்கள் பார்ப்பது நாலு: சுத்தமாக விழுந்த குத்து, பலன் தரும் முன்னேற்றம், ரிங்கில் யார் சொல்படி சண்டை நடக்கிறது, தற்காப்பு. நாலும் சமமில்லை. சுத்தமான குத்துதான் முதலாளி. அதில் சமமாக இருந்தால்தான் மற்ற மூன்றுக்கும் வேலை. புதிதாக மதிப்பெண் போடுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். முன்னால் முன்னால் போகிறவர் ஜெயிக்கிற மாதிரித் தெரியும். ஆனால் அவர் அடித்த பத்தில் எட்டு எதிராளியின் கிளவுஸிலும் முழங்கையிலும் விழுந்தால் அது கணக்கே இல்லை. அடிப்பவரைப் பார்க்காதீர்கள், வாங்குபவரின் தலையைப் பாருங்கள். தலை பின்னால் போனால் குத்து விழுந்தது. இன்னொரு பொறி, கடைசி 20 விநாடி. இரண்டே முக்கால் நிமிடம் சும்மா இருந்துவிட்டு, மணி அடிப்பதற்கு முன் படபடவென்று அடித்து ரவுண்டைத் திருடுவது பழைய தந்திரம். 1987இல் ஹாக்லரோடு நடந்த சண்டையில் ஷுகர் ரே லெனார்டு அதைக் கலையாகவே செய்தார். மூன்று நடுவர்களில் இருவர் லெனார்டுக்கு 118-110, 115-113 என்றும், ஒருவர் ஹாக்லருக்கு 115-113 என்றும் போட்டார்கள். மதிப்பெண் பழக அதைவிட நல்ல பாடம் இல்லை.

இப்போது முக்கியமான இடம். எழுதும்போதே, யாருக்கும் போயிருக்கலாம் என்று தோன்றும் ரவுண்டுகளின் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். 12 ரவுண்டும் முடிந்தபின் இரண்டு முறை கூட்டுங்கள்: புள்ளி வைத்ததையெல்லாம் ஒருவருக்கே கொடுத்து ஒரு தடவை, மற்றவருக்கே கொடுத்து ஒரு தடவை. இரண்டு கூட்டலிலும் ஒருவரே ஜெயித்தால், அவருக்கு எதிராக வந்த தீர்ப்பு அநியாயம். கூட்டல் மாறினால் அது நெருக்கமான சண்டை. உங்களுக்குப் பிடித்தவர் தோற்றிருக்கலாம், ஆனால் யாரும் கொள்ளையடிக்கவில்லை. ‘கொள்ளை’ என்று ரசிகர்கள் கத்தும் சண்டைகளில் முக்கால்வாசி இந்த இரண்டாம் வகை.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு உதாரணம். 2016இல் கொவலேவோடு மோதிய, அதுவரை தோற்காத ஆண்ட்ரே வார்டு, இரண்டாவது ரவுண்டில் விழுந்தார். மூன்று நடுவர்களும் வார்டுக்கு 114-113. அதாவது வார்டு ஏழு ரவுண்டு எடுத்தார், ஐந்தை இழந்தார், அந்த ஐந்தில் ஒன்று 10-8. ஒரே ஒரு ரவுண்டு கைமாறியிருந்தால் பூஜ்யம் போயிருக்கும். ஏழு மாதம் கழித்து அதே கொவலேவை எட்டாவது ரவுண்டில் நிறுத்தினார் வார்டு. நெருக்கமாக ஜெயித்தவர் மறுசண்டைக்கு ஒப்புக்கொண்டாரா, அதில் என்ன ஆனது என்பதை எப்போதும் பாருங்கள்.

எதிர்மாறான உதாரணமும் வேண்டும். 1993 செப்டம்பரில் ஹூலியோ சீசர் சாவேஸ் 87-0 என்று விட்டேக்கரிடம் போனார். ஒரு நடுவர் விட்டேக்கருக்கு 115-113, மற்ற இருவரும் 115-115. சமன் என்று அறிவித்தார்கள். புள்ளி வைத்த ரவுண்டுகள் எல்லாவற்றையும் சாவேஸுக்கே கொடுத்தாலும் எங்கள் கார்டில் விட்டேக்கர்தான் வருகிறார். இன்னும் கேளுங்கள்: 1981இல் குலியகானில் நடந்த ஒரு சண்டையில், மணி அடித்த வேளையில் குத்தியதற்காக சாவேஸைத் தகுதிநீக்கம் செய்து எதிராளி வென்றதாக ரிங்கிலேயே அறிவித்தார்கள். மேனேஜர் முறையிட, பிறகு அது சாவேஸின் வெற்றியாகத் திருத்தப்பட்டது. ஆக, அந்த 87-0 எழுதப்பட்ட விதமே தனிக் கதை. இருந்தாலும் சாவேஸ் மாவீரர் இல்லை என்று மெக்சிகோவில் போய்ச் சொல்லிப் பாருங்கள்! எங்களுக்கும் அவர் மாவீரரே. அதற்கு 87-0 தேவைப்படவில்லை.

சொந்த ஊரிலேயே சண்டை போட்டுத் தோற்காமல் இருப்பவர்களைப் பற்றி?
– ஒரு முன்னாள் ராணுவத்தினர், வெலிங்டன்

ஸ்வென் ஒட்கே என்று ஒரு ஜெர்மானியர். 34-0, உலகப் பட்டம் தரும் நாலு அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப்.இன் சூப்பர் மிடில்வெயிட் பட்டத்தை 21 முறை காத்து 2004இல் ஓய்வு பெற்றார். எண்ணைப் பார்த்தால் பிரமிப்பு. ஆனால் சண்டைகள் பெரும்பாலும் ஜெர்மனியில், நாக் அவுட் மிகக் குறைவு, பாயின்ட் தீர்ப்புகளில் சிலவற்றைப் பற்றி இன்றும் முணுமுணுப்பு உண்டு. அதே எடையில், அதே வருடங்களில், இன்னொரு பட்டத்தோடு ஜோ கால்சாகே பிரிட்டனில் இருந்தார். இருவரும் மோதவே இல்லை. நாலு அமைப்புகள் நாலு பெல்ட் கொடுக்கும் தொழிலில் இது சாத்தியம்: ஒரே பிரிவில் நாலு ‘உலக சாம்பியன்’ ஒருவரை ஒருவர் சந்திக்காமலே காலம் தள்ளலாம்.

கால்சாகே 46-0. 1997இல் பட்டம் வென்றவர், 2006 வரை அவரும் ஏறக்குறைய அதே மாதிரிதான் நகர்ந்தார். பிறகு அமெரிக்கர்கள் பெரிதாகப் பேசிய ஜெஃப் லேசியை 12 ரவுண்டும் வெளுத்தார், 2007இல் தோற்காத கெஸ்லரை வென்றார். அமெரிக்காவில் அவர் போட்டது 2008இல்தான்: 43 வயது ஹாப்கின்ஸ், 39 வயது ராய் ஜோன்ஸ். இரண்டிலும் முதல் ரவுண்டிலேயே விழுந்து எழுந்து ஜெயித்தார். லேசி, கெஸ்லர் இருவரும் அவரைப் பெரியவராக்கினார்கள். ஹாப்கின்ஸும் ஜோன்ஸும் பெயருக்காக வந்தவர்கள்.

வெளியூர் வெற்றிக்கு உக்ரைனின் உசிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். போலந்துக்காரரைப் போலந்திலும், ஹுக்கை ஜெர்மனியிலும், லாட்வியாவின் ப்ரீடிஸை ரீகாவிலும், ரஷ்யாவின் காசியேவை மாஸ்கோவிலும், பெல்யூவை இங்கிலாந்திலும் தோற்கடித்தார். 2016இலிருந்து 2018க்குள் இத்தனையும். பிறகு ஹெவிவெயிட்டுக்கு ஏறி, 2021இல் ஜோஷுவாவை லண்டனிலேயே வென்றார். நடுவர்கள் மூவரும் எதிராளியின் ஊர்க்கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது பாயின்டில் ஜெயிப்பதற்கு, நெருக்கமாக ஜெயித்தால் போதாது.

ஊட்டி உயரத்தில் பயிற்சி எடுத்த பையனைச் சமவெளிக்காரன் தோற்கடிக்க முடியாது என்கிறார்களே?
– ஒரு வாசகர், உதகை

ஊட்டியும் மெக்சிகோ சிட்டியும் ஏறத்தாழ ஒரே உயரம், 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழேயிருந்து வருகிறவருக்கு ஒரு குத்தின் வலிமை குறையாது. குறைவது ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு நிமிடத்தில் மூச்சு திரும்புவது. ஆகவே முதல் நாலு ரவுண்டு சமமாகத் தெரியும், ஏழாவதில் கை இறங்கும். மெக்சிகோ சிட்டியில் உள்ளூர்க்காரர் பெற்ற வெற்றிகளை எடைபோடும்போது, எதிராளி எத்தனை நாள் முன்னால் வந்து சேர்ந்தார் என்று பாருங்கள். சண்டைக்கு ஒரு வாரம் முன்னால் வந்தவர் ஆகமோசமான நேரத்தில் வந்தவர். அந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும், தூக்கம் கெடும். சிவப்பணு கூடுவதற்கு மூன்று நாலு வாரம் ஆகும்.

நம் பையன் கீழே போகும்போது அந்தச் சிவப்பணு லாபம் சில வாரம் நிற்கும். அவனைச் சாய்ப்பது வேறொன்று, சென்னை, மதுரை வெக்கை. மலையில் வேர்க்காத உடம்பு அங்கே மூன்றாவது ரவுண்டில் துவண்டுவிடும். போட்டிக்குப் பத்து முதல் பதினாலு நாள் முன்னால் இறங்கி, அங்கேயே பழக வேண்டும். இன்னொன்று: உயரத்தில் முழுவேக ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) அதிக ரவுண்டு தாங்காது, வேகம் குறைந்த பழக்கம் கைக்கு வந்துவிடும். ஸ்பாரிங்கை மேட்டுப்பாளையத்தில் வைத்துக்கொண்டு ஓட்டத்தை மேலே வைத்துக்கொள்வது உசிதம். காலைக் குளிரில் கை கட்டுவதற்கு முன் இருபது நிமிடமாவது உடம்பு சூடேற்றாமல் பையைக் குத்தினால் தோள்பட்டை போய்விடும், அது தனி.

பெண்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டீர்களா?
– ஒரு கல்லூரி மாணவி, கொடைக்கானல்

அமெரிக்காவின் கிளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ். 2012, 2016 ஒலிம்பிக் தங்கம். தொழில்முறையில் தோல்வியே இல்லை. மூன்று எடைப்பிரிவுகளில் எல்லாப் பெல்ட்டையும் சேர்த்தவர். அமெச்சூரில் (ஒலிம்பிக் மாதிரி, தொழில்முறை அல்லாத போட்டிகளில்) அவரைத் தோற்கடித்த ஒரே ஆள் பிரிட்டனின் சவானா மார்ஷல், 2012இல். பத்து வருடம் கழித்து 2022 அக்டோபரில் லண்டனுக்கே போய் மார்ஷலைப் பாயின்டில் வென்றார். அந்த வெற்றிதான் பட்டியலின் உச்சம். அவருக்கு எதிரான வாதமும் நியாயமானதே: அந்த எடைகளில் உலகெங்கும் தேர்ந்த வீராங்கனைகள் குறைவு, ஆகவே மூன்று பிரிவு என்பதை ஆண்களின் மூன்று பிரிவோடு ஒப்பிட முடியாது. பெண்களுக்குப் பொதுவாக ரவுண்டு இரண்டு நிமிடம், பத்து ரவுண்டு; நாக் அவுட் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். அதை வைத்து வலிமை இல்லை என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மேரி கோமை ஏன் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், அமெச்சூரில் பூஜ்யம் என்ற பேச்சே கிடையாது. ஒரே வாரத்தில் நாலைந்து சண்டை, எதிராளியைத் தேர்ந்தெடுக்க வழியில்லை, சீட்டுக் குலுக்கலில் யார் வந்தாலும் ஏற வேண்டும். ஆறு உலகத் தங்கத்தை அப்படி எடுத்தவர் அவர். உக்ரைனின் லோமசென்கோவுக்கு அமெச்சூரில் 396 வெற்றி, ஒரே தோல்வி. தொழில்முறைக்கு வந்து இரண்டாவது சண்டையிலேயே, எடை தாண்டி வந்த சலீதோவிடம் தோற்றார். அதற்காக யாரும் அவரைக் கீழே இறக்கவில்லை.

அந்தக் காலத்துக்காரர்கள் மட்டும் ஏன் இத்தனை தோற்றார்கள்?
– ஒரு வாசகர், குந்தா

அடிக்கடி சண்டை போட்டதால். ஷுகர் ரே ராபின்சன் 40-0 என்று இருந்தபோது, 1943 பிப்ரவரி 5இல் தன்னைவிட 16 பவுண்டு கூடுதல் எடையுள்ள லாமோட்டாவிடம் தோற்றார். மூன்றே வாரத்தில் அவரையே சந்தித்து ஜெயித்தார். அதற்குப் பிறகு 1951 ஜூலையில் டர்பினிடம் தோற்கும்வரை எட்டு வருடத்துக்கு மேல் தோல்வி இல்லை. இன்றைய சாம்பியனுக்கு வருடத்துக்கு இரண்டு சண்டை, அதுவும் டிவி கட்டணத்தில் வரும் பெரும் பணம். பூஜ்யம் போனால் அடுத்த ஒப்பந்தத்தின் விலை விழும். ஆகவே பூஜ்யத்தைக் காப்பது, சண்டையை ஏற்பாடு செய்யும் புரமோட்டரின் தொழிலாகிவிட்டது. இன்றைக்கு யாருக்காவது 40-0 என்று இருந்தால், அதில் பாதிப் பெருமை எதிராளியைப் பொறுக்கித் தந்தவருக்கு.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். தோற்காதவர்களில் உங்கள் பட்டியலில் முதலில் யார்?
– ஒரு வாசகர், மஞ்சூர்

உசிக். 2024 டிசம்பரில் தன்னைவிட 55 பவுண்டு, கிட்டத்தட்ட 25 கிலோ, கூடுதலான ஃப்யூரியை மூன்று கார்டிலும் 116-112 என்று வென்றதற்காக. அதற்கு முன் மே மாதம் முதல் சண்டை பிளவுத் தீர்ப்பு: 115-112, 114-113 உசிக்குக்கு, 114-113 ஃப்யூரிக்கு. ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி கயிற்றில் சாய்ந்து நின்றபோது ரிங்கில் இருந்த நடுவர் எண்ணிய அந்த ஒரு எண்ணிக்கை (அதுவும் விழுந்ததாகவே கணக்கு) இல்லாவிட்டால் அந்த ரவுண்டு 10-9 ஆகி, சண்டையே சமனில் முடிந்திருக்கும். கூட்டிப் பாருங்கள்.

அடுத்து ரிக்கார்டோ லோபஸ், 51 வெற்றி, ஒரு சமன், 105 பவுண்டுக்காரர். எடை குறைவு என்பதால் அமெரிக்க டிவி அவரைக் கண்டுகொள்ளவில்லை. 1990இல் டோக்கியோ போய் ஒஹாஷியிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர். (அந்த ஒஹாஷியின் பயிற்சிக்கூடத்திலிருந்துதான் இன்றைய இனோவே வருகிறார்.) 1998 மார்ச்சில் ரொசெண்டோ அல்வாரெஸோடு தலை மோதி ரத்தம் வழிய, சண்டை சமனில் நின்றது. அதே நவம்பரில் மறுசண்டை வைத்து ஜெயித்தார். மூன்றாவதாக வார்டையும் மேவெதரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்போம். 2025இல் கனெலோவைத் தேடி 168 பவுண்டுக்கு ஏறிப்போய் வென்ற கிராஃபோர்டும் அந்தப் பெஞ்சில் ஒண்டிக்கொள்ளலாம். குன்னூர்க்காரர்கள் மன்னிக்கவும்.

பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் 9-0, ‘ஆசிய சாம்பியன்’ என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். நன்கொடை கேட்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பையனை நம்பலாம், போஸ்டரை விசாரிக்கலாம். பெல்ட் எந்த அமைப்பினுடையது என்று கேளுங்கள். டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. ஆகிய நாலும் கண்டவாரியாக ‘ஆசிய’, ‘ஓரியண்டல்’, ‘சர்வதேச’ பட்டங்கள் தருகின்றன. அவை தரவரிசையில் ஏறுவதற்கான படிகள், உலகப் பட்டம் இல்லை. நாலில் எதுவும் இல்லாத அமைப்பு என்றால் பெல்ட்டின் தோலுக்கு மட்டுமே மதிப்பு. அடுத்து, தோற்ற ஒன்பது பேரின் பெயரைக் கேட்டு, அவர்கள் அந்தச் சண்டைக்கு முன் எத்தனை ஜெயித்திருந்தார்கள் என்று பாருங்கள். முதல் சண்டைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், எட்டு ரவுண்டுக்கு மேல் போன சண்டை உண்டா என்றும் கேளுங்கள்.

விஜேந்தர் சிங் 2015இல் தொழில்முறைக்கு வந்தார், டபிள்யூ.பி.ஓ. ஆசிய-பசிபிக் பட்டம் வென்றார், 12-0 வரை போனார். 2021 மார்ச்சில் பனாஜியில் ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஆர்ட்டிஷ் லோப்சான் என்ற ரஷ்யரிடம் ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார். ஒலிம்பிக் வெண்கலம் எடுத்தவருக்கே அப்படி. 9-0 பையனுக்கு நன்கொடை கொடுப்பதானால் அடுத்த போஸ்டருக்குக் கொடுக்காதீர்கள். கோவையிலோ சென்னையிலோ தன்னைவிடத் தேர்ந்தவர்களோடு ஒரு மாதம் ஸ்பாரிங் செய்ய பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுங்கள்.